எஸ்க்யூஎல் தேர்வில் விடை சரியாக வந்தும் மதிப்பெண் போவது ஏன்?

வேலைக்கு ஆள் எடுக்கும்போது எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) தேர்வு வைத்து, வந்த க்வெரிகளை, அதாவது அந்த மொழியில் எழுதிய கேள்விகளை, வரி வரியாகப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. சின்டாக்ஸ் தெரியாமல் தோற்பவர்கள் குறைவு. கொடுத்த பத்து வரி டேட்டாவில் ஓட்டிப் பார்த்து, எதிர்பார்த்த விடை வந்ததும் அனுப்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதே க்வெரியை நாங்கள் வேறு டேட்டாவில் ஓட்டுவோம். அங்கேதான் அது உடையும்.

ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். ‘மாணவர்’ டேபிளில் எண்ணும் பெயரும். ‘கட்டணம்’ டேபிளில் மாணவர் எண், தொகை, கட்டிய நேரம். இன்னும் கட்டணமே கட்டாதவர்கள் யார் என்பது கேள்வி. கட்டண டேபிளில் இருக்கும் எண்களை எடுத்து, ‘நாட் இன்’ (இந்தப் பட்டியலில் இல்லாதவர்) போட்டு மாணவர்களை வடிகட்டுவார்கள். மாதிரி டேட்டாவில் கச்சிதமாக வரும். ஆனால் யாரோ ஒரு அப்பா வங்கியில் பணம் போட்டுவிட்டார், எந்தப் பிள்ளைக்கு என்று தெரியவில்லை என்று வையுங்கள். அந்த வரியில் மாணவர் எண் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லை. இப்போது ஓட்டினால் ஒரு வரிகூட வராது. யாருக்கும் பாக்கி இல்லை என்று ஆகிவிடும். எரர் வந்திருந்தால் கூடப் பரவாயில்லை, திருத்தியிருக்கலாம்.

எஸ்க்யூஎல்லில் உண்மை, பொய் தவிர ‘தெரியாது’ என்று மூன்றாவது விடை ஒன்று உண்டு. கட்டியவர்கள் பட்டியலில் 3, 5, நல் இருக்கின்றன. 7-ஆம் எண் மாணவர் கட்டவில்லையா என்று பார்க்க, 7 என்பது 3 இல்லை, 5 இல்லை, நல்லும் இல்லை என்ற மூன்றுமே உண்மையாக வேண்டும். கடைசி ஒப்பீட்டுக்கு விடை ‘தெரியாது’. உண்மை என்று உறுதியான வரியை மட்டும்தான் வடிகட்டும் பகுதியான ‘வேர்’ உள்ளே விடும். அதனால் எல்லோரும் வெளியே. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ வைத்து எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை, பொருந்தும் வரி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. சமக்குறி போட்டு நல்லைத் தேடுவதும் இதே காரணத்தால் பலிக்காது, ‘இஸ் நல்’ என்றுதான் கேட்க வேண்டும். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்தே இல்லாத வெற்றுச் சரமும் நல்தான். வேறு டேட்டாபேஸில் பழகி வந்தவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள்.

அடுத்தது லெஃப்ட் ஜாயின். இரண்டு டேபிளை இணைக்கும்போது, ஜோடி இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் எல்லா வரியையும் இது வைத்துக்கொள்ளும். ‘எல்லா மாணவர்களும் வர வேண்டும், ஜூனில் கட்டிய தொகை பக்கத்தில் வர வேண்டும்’ என்று கேட்டிருப்போம். லெஃப்ட் ஜாயின் சரியாகப் போட்டுவிட்டு, ஜூன் என்ற நிபந்தனையை ‘வேர்’ பகுதியில் வைப்பார்கள். கட்டாதவருக்குத் தேதி நல், ஆகவே அவர் காணாமல் போவார். லெஃப்ட் ஜாயின் என்று பெயர்தான், நடப்பது, ஜோடி உள்ள வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின். நிபந்தனையை, எப்படி இணைப்பது என்று எழுதும் ‘ஆன்’ பகுதிக்குக் கொண்டுபோனால் சரி. அப்புறம், ஒவ்வொருவரும் எத்தனை முறை கட்டினார் என்று எண்ணும்போது ‘கவுண்ட்’ உள்ளே நட்சத்திரம் போட்டால், ஒரு முறையும் கட்டாதவருக்கும் 1 என்று வரும். கட்டண டேபிளின் நெடுவரிசை ஒன்றைக் கொடுத்தால்தான் 0 வரும்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது ‘டிஸ்டிங்க்ட்’ (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒன்றை மட்டும் எடுப்பது) வைத்து ஒட்டுப்போடுவது. ஒரு மாணவி 5,000 ரூபாய் வீதம் இரண்டு தவணை கட்டியிருக்கிறாள், மூன்று புத்தகம் இரவல் வாங்கியிருக்கிறாள். மாணவர், கட்டணம், புத்தகம் மூன்றையும் ஒரே மூச்சில் ஜாயின் செய்தால் 2 × 3, ஆறு வரி. கூட்டினால் 30,000. ஏதோ தப்பு என்று தெரிந்ததும், கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் போடுகிறார்கள். இரண்டு தவணையும் ஒரே தொகை என்பதால் இப்போது 5,000. சரியான விடை 10,000. வரி ஏன் பெருகியது என்று கேட்டிருந்தால், கட்டணத்தை மாணவர்வாரியாக முதலில் கூட்டி, பிறகு ஜாயின் செய்திருப்பார்கள்.

தேதியில் ‘பிட்வீன்’ ஜூன் 1, ஜூன் 30 என்று எழுதினால், நேரமும் சேர்ந்திருக்கும் நெடுவரிசையில் ஜூன் 30 என்பது அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு மட்டுமே, அதனால் 30-ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கட்டிய பணம் விடுபடும். ஜூலை 1-க்கு முன் என்று எழுதுங்கள். வரிசைப்படுத்தும் ‘ஆர்டர் பை’ இல்லாமல் வரும் வரிசையை நம்பாதீர்கள். வரிகளைத் தொகுக்கும் ‘குரூப் பை’யில் சேர்க்காத நெடுவரிசையைச் சும்மா செலக்ட் செய்யும் பழக்கம் பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் தந்தது. 5.7 பதிப்பு முதல் அதுவே இயல்பாக மறுத்துவிடுகிறது.

இரண்டாவது அதிகச் சம்பளம் யாருக்கு என்ற பழைய கேள்வி வந்தால், முதலிடத்தில் இருவர் சமமாக இருந்தால் என்ன செய்வது என்று திருப்பிக் கேளுங்கள். ‘லிமிட்’, ‘ஆஃப்செட்’ வைத்து முதல் வரியைத் தாண்டி அடுத்ததை நேராக எடுத்தால் முதலிடத்துக்காரர் ஒருவரே மறுபடி வருவார். சமமானவர்களுக்கு ஒரே இடம் கொடுத்து, அடுத்த இடத்தை விடாமல் எண்ணும் ‘டென்ஸ் ரேங்க்’ அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். இப்படித் திருப்பிக் கேட்பவருக்கு நான் அங்கேயே மதிப்பெண் போட்டுவிடுவேன்.

கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கும் தவறில் பங்கு உண்டு. நல் இல்லாத, சமநிலை இல்லாத, சுத்தமான டேட்டாவைக் கொடுத்தால் மனப்பாடக்காரரும் தெரிந்தவரும் ஒரே மதிப்பெண் வாங்குவார்கள். எண் இல்லாத ஒரு கட்டண வரி, ஒன்றும் கட்டாத ஒரு மாணவர், ஒரே தொகையில் இரண்டு தவணை, மாதக் கடைசி நாளில் ஒரு மாலை நேரம். இந்த நான்கையும் டேட்டாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதுபவரும், அனுப்புவதற்கு முன் இதே நான்கைத் தானே உள்ளிட்டு ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். ஐந்து நிமிடம்கூட ஆகாது.