ஹேர் டிரையரில் ஒளிந்திருக்கும் டி.சி.யை அளப்பது எப்படி

பார்லர் வைத்திருக்கும் அக்கா ஒருவர் தன் 1000 வாட் ஹேர் டிரையரைக் கொண்டுவந்தார். "லோவில் எவ்வளவு இழுக்குதுன்னு பார்த்துச் சொல்லுப்பா, இன்வெர்ட்டரில் போடணும்" என்றார். ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 2.4 ஆம்பியர் காட்டியது. 230ஆல் பெருக்கி, 550 வாட் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே போன் வந்தது: இன்வெர்ட்டர் உறுமுகிறதாம், சூடாகிறதாம்.

நான் எழுதிக் கொடுத்த கரண்டும் தப்பு, வாட்டும் தப்பு. இந்த மாதிரி டிரையர்களில் லோ ஸ்விட்ச் ஒரு டையோடு வழியாகப் போகிறது. அது ஏ.சி. அலையில், அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டில், ஒரு பாதியை மட்டும் விடும், மறு பாதியை அடைத்துவிடும். ஒரே திசையில் ஓடினால் அதற்குள் டி.சி. இருக்கிறது என்றுதான் பொருள். சாதாரண கிளாம்புக்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மர், டி.சி. அதைத் தாண்டாது. அதன் கோரை, அதாவது உள்ளே இருக்கும் காந்தக் கருவை, நிரப்பி ரீடிங்கையும் கெடுக்கும். மீட்டர் மேலே 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' (அலை எந்த வடிவில் இருந்தாலும் உண்மை அளவு) என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. பல மீட்டர்கள் ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யை வடிகட்டிவிட்டுத்தான் அளக்கின்றன.

சரி, எப்படி அளப்பது? முதலில் ஒரு டெஸ்ட் கார்டு, அதாவது அளப்பதற்கென்றே ஒரு ஒயர், செய்துகொள்ளுங்கள். உள்ளே மூன்று தனி ஒயர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஒயரை பிளக் பாயின்டிலிருந்து கழற்றிவைத்து, வெளித்தோலை மட்டும் ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, ஃபேஸ் ஒயரைத் தனியாக வெளியே இழுங்கள். உள் இன்சுலேஷனில் கத்தி பட்டிருந்தால் அந்த ஒயரைத் தூக்கிப் போடுங்கள், டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம்.

அப்புறம் தேவை டி.சி.யையும் உணரும் ஹால் சென்சார் உள்ள ஏ.சி./டி.சி. கிளாம்ப். டி.சி.யில் வைத்து, ஒயர் இல்லாமல் ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு, ஃபேஸ் ஒயரில் போடுங்கள். ஹையில் ஏறக்குறைய பூஜ்யம். லோவுக்குத் தள்ளியதும் 1.9, 2 ஆம்பியர் என்று எழும். டிரையரின் இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் செருகினால் மைனஸ் குறி மாறும். அப்படி மாறினால் டையோடு டிரையருக்குள்தான் இருக்கிறது.

இனி கணக்கு. லோவில் அதே கிளாம்பின் ஏ.சி. ரேஞ்சில் பார்த்த ஏ.சி. பகுதி 2.37, டி.சி. பகுதி 1.96. இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 5.6-உம் 3.8-உம் சேர்ந்து 9.4, மூலம் 3.07 ஆம்பியர். ஒயரும் இன்வெர்ட்டரும் தாங்க வேண்டியது இதைத்தான்: 230ஆல் பெருக்கினால் 707 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்).

ஆனால் வாட் அந்த 707 இல்லை. பாதி அலைதான் போகிறது என்பதால் பாதி சக்தி, 500 வாட். காற்றாடி எடுக்கும் கொஞ்சத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. சரிபார்க்க வீட்டு மீட்டரே போதும்: 3200 இம்பல்ஸ் மீட்டர் (ஒரு யூனிட்டுக்கு விளக்கு 3200 முறை மின்னுவது) என்றால், மற்றதெல்லாம் அணைத்துவிட்டு சிவப்பு விளக்கை எண்ணுங்கள். ஹையில் நிமிடத்துக்கு 53, லோவில் 27 வர வேண்டும். பாதி அலையில் மீட்டர் ஏமாறக் கூடாது என்று மின் மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62053-21-இல் தனிச் சோதனையே உண்டு.

இன்வெர்ட்டர் உறுமியதும் டி.சி.யால்தான், அதன் டிரான்ஸ்ஃபார்மர் கோர் ஒரு பக்கமாக நிரம்பிவிடுகிறது. பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலும் உறுமல் போகும் என்று சொல்ல முடியாது. அக்காவிடம் பழைய சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, 500 வாட் டிரையர் ஒன்றை வாங்கி ஹையில் மட்டும் ஓட்டச் சொன்னேன். அதையும் டி.சி. ரேஞ்சில் பார்த்துத்தான் கொடுத்தேன்.