கொழும்பில் தினசரி ஸ்டெப் இலக்கை எட்டுவது எப்படி? ட்ராக்கர் புதிதாக வாங்கியவர்களுக்கு

புதிதாக ஃபிட்னஸ் ட்ராக்கர் கட்டிய அநேகம்பேர், இலக்கு 10,000 காலடி என்று போட்டுவிட்டு அன்றைக்கே நடக்கத் தொடங்குகிறார்கள். இரண்டு மூன்று நாள் ஆசையாகப் போகும். அப்புறம் ஒரு மழை நாள், ஒரு ஓவர்டைம் நாள், திரையில் இலக்கைக் காட்டும் வளையம் பாதியிலேயே நிற்கும், அடுத்த கிழமை ட்ராக்கர் மேசை லாச்சிக்குள் கிடக்கும். இப்படி ஆகாமலிருக்க இரண்டு விஷயம் போதும். இலக்கை உங்களுடைய சொந்தக் கணக்கிலிருந்து எடுங்கள். நடையை, நீங்கள் எப்படியும் போகவேண்டிய பயணங்களுக்குள் வையுங்கள். இரண்டையும் செய்வது எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

படி 1: கட்டுங்கள், இணையுங்கள்

ட்ராக்கரை முழுதாக சார்ஜ் செய்து, அதற்குரிய செயலியைப் போனில் இறக்கி, புளூடூத்தைப் போட்டு இணையுங்கள். அன்ட்ரொய்ட் போன் என்றால் லொகேஷன் அனுமதி கேட்கலாம், கொடுத்துவிடுங்கள், பழைய போன்களில் அது இல்லாமல் பக்கத்திலிருக்கும் ட்ராக்கரைத் தேடவே முடியாது. உயரம், எடை, வயது எல்லாம் உள்ளதை உள்ளபடி போடுங்கள். உயரத்தை வைத்துத்தான் ஒரு காலடியின் நீளத்தை அது கணிக்கிறது, ஆகவே உயரம் பிழைத்தால் கிலோமீட்டர் கணக்கும் பிழைக்கும்.

எழுதும் கையில் வேண்டாம், மற்றக் கையில் கட்டுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாமலும் இறுக்காமலும். கொழும்புப் புழுக்கத்தில் பட்டிக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் கடிக்கும், அதனால் தினமும் குளித்த பிறகு கழற்றித் துடைத்து, கையும் பட்டியும் காய்ந்ததும் கட்டுங்கள்.

படி 2: சரியாக எண்ணுகிறதா என்று பாருங்கள்

உள்ளே இருப்பது முடுக்கமானி என்ற சின்ன உணரி. அது காலைப் பார்ப்பதில்லை. கை எந்தத் தாளத்தில் அசைகிறது என்று பார்த்து, இது நடை, இது நடையில்லை என்று முடிவெடுக்கிறது. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சூப்பர்மார்க்கெட்டில் ட்ரொலியைப் பிடித்துத் தள்ளினால் கை அசையாது, எண்ணிக்கை குறையும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் அப்படித்தான். கோயில் வீதியைக் கை கூப்பியபடி சுற்றினால்கூட சில சுற்றுகள் கணக்கில் வராமல் போகலாம் (அதற்காகக் கையை வீசிக்கொண்டு சுற்றவேண்டாம், அந்தச் சில நூறு போனால் போகட்டும்). மறுபக்கம், தேங்காய் திருவும்போதும் ஓட்டோ மேடுபள்ளத்தில் குலுங்கும்போதும் நடக்காத நடை கொஞ்சம் ஏறும். குசினிக்குள் இரண்டு எட்டு அங்கே, மூன்று எட்டு இங்கே என்று நடப்பதைப் பல ட்ராக்கர்கள் எண்ணுவதேயில்லை, தொடர்ந்து சில காலடி வந்தால்தான் நடை என்று ஏற்றுக்கொள்ளும்.

சோதனை சுலபம். திரையிலுள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி 200 காலடி இயல்பாக நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 10 கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் பிசகினால் பட்டி தளர்ந்திருக்கிறதா, எந்தக் கை என்ற அமைப்பு சரியா என்று பாருங்கள்.

படி 3: ஒரு கிழமைக்கு எதையும் மாற்றாதீர்கள்

இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். ஏழு நாள் வழக்கம்போல இருங்கள், கூடுதலாக நடக்காதீர்கள், ட்ராக்கரை மட்டும் கழற்றாதீர்கள். சனி ஞாயிறு கட்டாயம் சேரவேண்டும், வேலை நாளின் கணக்கும் லீவு நாளின் கணக்கும் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஏழு நாளின் சராசரியைச் செயலியே காட்டும். உங்களுடைய தொடக்கம் அதுதான்.

3,500 என்று வந்தால் மனம் சோரவேண்டாம். 10,000 என்பது மருத்துவர்கள் கூடி விதித்த அளவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடைப்பயிற்சியில் ஆர்வம் கிளம்பிய நேரம், 1965இல் அங்கே ஒரு கம்பனி விற்ற காலடி எண்ணும் கருவியோடு பரவிய எண் அது. 2019இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு, சராசரி 72 வயதுப் பெண்களைப் பார்த்தது. நாளுக்கு ஏறக்குறைய 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் குறைவாக இருந்தது, 7,500க்கு மேல் அந்த வித்தியாசம் பெரிதாகக் கூடவில்லை. ஆகவே குறைந்த இடத்திலிருந்து கூட்டும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் மதிப்பு உண்டு. 10,000ஐ எட்டாத நாள் வீணான நாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, சராசரியோடு 1,000 கூட்டுங்கள். 3,500 என்றால் 4,500. செயலியில் இலக்கு என்ற இடத்தில் பழையதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள்.

படி 4: உங்கள் பாதைகளை அளந்து எழுதுங்கள்

முழு முறையும் இதில்தான் நிற்கிறது, கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

சுறுசுறுப்பாக நடந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி, அதாவது 10 நிமிடத்தில் 1,000. நடுத்தர உயரமான ஒருவருக்கு ஒரு கிலோமீட்டர் 1,300, 1,400 வரும். ஆனால் இது பொதுக் கணக்கு, உங்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் கணக்கு. வீட்டை விட்டு இறங்கும்போது ட்ராக்கரைப் பாருங்கள், போய்ச் சேர்ந்ததும் பாருங்கள், வித்தியாசத்தைப் போனில் எழுதி வையுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர் என்றால்: வீட்டிலிருந்து காலி வீதி பஸ் தரிப்பிடம் எவ்வளவு, ராமகிருஷ்ணா வீதி வழியாக மெரைன் டிரைவுக்கு இறங்கி ரயில் நிலையம் எவ்வளவு, சந்தைக்குப் போய்வர எவ்வளவு. கொட்டாஞ்சேனைக்காரர் என்றால் பொன்னம்பலவாணேஸ்வரம் போய்வரவும், அங்கிருந்து செட்டியார் தெரு வழியாகப் புறக்கோட்டைக்கு நடக்கவும் எவ்வளவு என்று பாருங்கள். ஏழெட்டுப் பாதை சேர்ந்தால் போதும். அதற்குப் பிறகு 'இன்றைக்கு 1,200 குறைகிறதே' என்று யோசிக்கத் தேவையில்லை, 1,200க்கு எந்தப் பாதை என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்தப் பாதைகளை நாளுக்குள் செருகுங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் வருபவர் ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்கலாம், நெரிசல் நேரத்தில் பஸ் ஊர்கிற வேகத்தைப் பார்த்தால் பெரிதாக நேரமும் போகாது. கோட்டை நிலையத்தில் இறங்குபவர், அலுவலகம் கிட்ட என்றால் ஓட்டோ பிடிக்காமல் நடக்கலாம். தொடர்மாடியில் இருப்பவர்கள் இரண்டு மாடிக்கு முன்னதாக லிஃப்டை விட்டு வெளியே வந்து படியேறலாம். மத்தியானம் சாப்பிட்டபின் 10 நிமிடம் நடப்பது, கணக்குக்கு மட்டுமில்லை, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது.

ஒரு நேர அடையாளமும் வையுங்கள்: மத்தியானம் 1 மணிக்குள் பாதி. இலக்கைத் தவறவிடுவது பெரும்பாலும் இரவில் இல்லை, காலை முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு எல்லாவற்றையும் பின்னேரத்துக்குத் தள்ளும்போதுதான். ட்ராக்கரில் 'நீண்ட நேரம் அமர்ந்திருக்கிறீர்கள்' என்று அதிரும் வசதி இருந்தால் வேலை நேரத்துக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் பிரார்த்தனையிலும் அதிரும்.

படி 5: வெயில், மழை, ரோட்டு

வேண்டுமென்றே நடக்கப் போவதென்றால் காலை 6 மணியிலிருந்து 7:30க்குள், அல்லது வெயில் இறங்கியபின். சுதந்திர சதுக்கத்தில் நடப்பதற்கென்றே பாதை இருக்கிறது, விகாரமகாதேவி பூங்காவில் நிழல் இருக்கிறது, காலிமுகத்திடலில் பின்னேரக் காற்று. மட்டக்குளிப் பக்கத்தவர்களுக்குக் காக்கைத்தீவுக் கடற்கரைப் பூங்கா. ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் இடிமின்னலோடு மழை வரும், அந்த மாதங்களில் காலையில் நடந்து முடிப்பதுதான் புத்தி. மின்னல் தொடங்கினால் திறந்த வெளியில் நிற்காதீர்கள், ஏதாவது கடைத்தொகுதிக்குள் போய் அங்கேயே தளம் தளமாக நடந்து கணக்கை முடிக்கலாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மெரைன் டிரைவில் நடப்பவர்கள் கடல் காற்றுக்காக ரயில் பாதையில் ஏறி நடக்கிறார்கள், சிலர் காதில் இயர்போனோடு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அலை இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.

செருப்போடு தினம் நடந்தால் குதிக்கால் வலி வரலாம், குதிக்கு மெத்தென்ற சப்பாத்து ஒன்று ட்ராக்கரைவிட முக்கியம். நீரிழிவு உள்ளவர்கள் நடந்து வந்ததும் பாதத்தைப் பாருங்கள், சின்னக் கொப்புளமும் கவனத்துக்குரியது. இதய நோயோ முழங்கால் தேய்வோ இருந்தால் உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டு இலக்கைப் போடுங்கள்.

படி 6: இரவு 8 மணிக்கு இன்னும் குறைகிறதா?

ஆயிரத்துக்குள் என்றால் வீட்டுக்குள்ளேயே முடியும். கனடாவில் அக்காவோ தம்பியோ இருந்தால் இந்த நேரம் அங்கே காலை, வட்ஸ்அப்பில் கதைத்துக்கொண்டே வரவேற்பறையிலிருந்து பல்கனி வரை நடவுங்கள். போனை ட்ராக்கர் இல்லாத கையில் பிடியுங்கள், கட்டியிருக்கும் கை காதோடு நின்றால் எண்ணாது. மூவாயிரம் குறைகிறது என்றால் விட்டுவிடுங்கள். நள்ளிரவில் எண்ணிக்கை பூச்சியத்துக்கு வந்துவிடும், அந்தக் கடனை நாளைய 4,500ஓடு சேர்த்து 7,500 நடக்க முயலவேண்டாம், கால் பிடித்துக்கொண்டால் மூன்று நாள் போய்விடும்.

படி 7: எப்போது கூட்டுவது

ஒரு கிழமையில் ஐந்து நாள் இலக்கை எட்டினீர்களா? அடுத்த கிழமையும் அதே இலக்கிலேயே இருங்கள். இரண்டாவது கிழமையும் ஐந்து நாள் வந்தால் 500 கூட்டுங்கள். மூன்று நாளுக்குக் குறைந்தால் 500 குறையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்படியே 7,000, 7,500 வரை போங்கள். அதற்கு மேல் எண்ணைக் கூட்டுவதைவிட, தினமும் ஒரு 20 நிமிடத்தை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பதற்கு ஒதுக்குங்கள். வயதுவந்தவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கிழமைக்கு 150 நிமிடக் கணக்கில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும், மிச்சம் வீட்டு வேலையிலும் மாடிப்படியிலும் சேரும்.