நேயர்களின் கதைகளை அவர்கள் குரலிலேயே வாங்குவது எப்படி?

சின்னதாக ஒரு பாட்காஸ்ட் நடத்துகிறீர்கள். தவறாமல் கேட்பவர்கள் கொஞ்சம் பேர் வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் நடந்ததை அவர்கள் குரலிலேயே வாங்கி ஒரு எபிசோட் போடலாமே என்று ஒருநாள் தோன்றும். எனக்கும் தோன்றியது. "உங்கள் முதல் சம்பளம் பற்றிப் பேசி அனுப்புங்கள்" என்று குழுவில் எழுதிப் போட்டேன். முதலில் வந்த பதிவு இப்படி ஆரம்பித்தது: "அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். இந்த அரிய வாய்ப்பை எனக்கு நல்கிய..."

அவர் குழுவில் சாதாரணமாக வாய்ஸ் நோட் போட்டாலே எல்லோரும் சிரிப்போம். பதிவு என்றதும் மேடை ஏறிவிட்டார். பேசுகிற தமிழும் எழுதுகிற தமிழும் வேறு வேறாக இருப்பதால் இந்தச் சிக்கல் நமக்குக் கொஞ்சம் அதிகம். இரைச்சலை மென்பொருளில் ஓரளவு குறைக்கலாம். மேடைத் தமிழைக் குறைக்க எந்த மென்பொருளும் இல்லை. அதனால் பாதி வேலை பதிவுக்கு முன்பே, நாம் கேட்கும் விதத்திலேயே இருக்கிறது.

படி 1: கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"மறக்க முடியாத அனுபவம்" என்று கேட்டால் கட்டுரைதான் வரும். நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். நான் அடுத்த முறை இப்படிக் கேட்டேன்: முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்? அதை யாரிடம் கொடுத்தீர்கள்? அவர் என்ன சொன்னார்?

மூன்றாவது கேள்விதான் சாவி. இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது யாருக்கும் செந்தமிழ் வராது. "எதுக்குடா இவ்ளோ செலவு பண்ணே" என்று அம்மா சொன்னதை அம்மாவின் குரலில்தான் சொல்ல முடியும். அந்த ஒரு வரி வந்துவிட்டால் அதற்கப்புறம் பேச்சு தானாக இறங்கி வந்துவிடும்.

படி 2: கேள்வியைக் குரலிலேயே கேளுங்கள்

எழுத்தில் கேட்டால் எழுத்துத் தமிழில் பதில் வரும். வானொலிக் காலத்து நேயர் கடிதப் பழக்கம் லேசில் போகாது. கேள்வியையே வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். முதலில் உங்கள் கதையை இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு, அப்புறம் கேளுங்கள். நடுவில் நாக்கு குழறினாலும் வெட்டாதீர்கள், அப்படிப் பேசினால் போதும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். நீங்கள் இரண்டு நிமிடம் பேசினால் அவர்களும் ஏறத்தாழ அவ்வளவுதான் பேசுவார்கள்.

தனியாக போனைப் பார்த்துப் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு வழி உண்டு: வீட்டில் யாரையாவது கேள்வி கேட்கச் சொல்லுங்கள். சாதாரண மனிதர்களின் கதைகளைப் பதிந்துவைக்க அமெரிக்காவில் டேவ் ஐசே தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் என்ற அமைப்பு இந்த முறையில்தான் நடக்கிறது. 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சின்னப் பதிவறையோடு ஆரம்பித்தார்கள். நெருங்கிப் பழகிய இருவர் எதிரெதிரே உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள். கேட்பவர் நிருபர் இல்லை, மகளோ பேரனோ நண்பரோதான். நமக்கு 40 நிமிடம் வேண்டாம். பேத்தி கேட்டு தாத்தா சொல்லும் ஐந்து நிமிடம் போதும்.

படி 3: பதிவு செய்யும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்

இதையும் நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். மின்விசிறி, டிவி, மிக்ஸி மூன்றையும் நிறுத்த வேண்டும். மே மாதத்தில் விசிறியை நிறுத்தச் சொல்வது பாவம்தான், ஆனால் மூன்று நிமிடம்தானே. குளியலறை, காலி ஹால் இரண்டும் எதிரொலிக்கும். மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை நல்லது, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்களில் மைக் கீழ் விளிம்பில் இருக்கும், விரலால் மூடிவிடக் கூடாது. பேசும் முன் ஐந்து வினாடி சும்மா இருக்கச் சொல்லுங்கள். அந்த அமைதி பிறகு எடிட்டிங்கில் உதவும்.

எழுதிவைத்துப் படிக்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

படி 4: அனுப்பும் வழி

வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் சுலபம், ஆனால் அது ஒலியை நன்றாகச் சுருக்கிவிடும். போனிலுள்ள ரெக்கார்டர் செயலியில் பதிந்து, அந்தக் கோப்பை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் பதிந்த தரம் அப்படியே வந்து சேரும். கூகுள் ஃபார்மில் கோப்பு ஏற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அதற்கு கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். வயதானவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். என் கட்சி இதுதான்: தரம் குறைந்தாலும் கதை வரட்டும். வாய்ஸ் நோட்தான் முடியும் என்பவரிடம் வாய்ஸ் நோட்டையே வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: அனுமதி

பதிவின் கடைசியில் அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள்: "இதை உங்கள் பாட்காஸ்டில் ஒலிபரப்பலாம். என் பெயரைச் சொல்லலாம்" அல்லது "பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்". வெட்டிச் சுருக்குவீர்கள் என்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மனம் மாறினால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன் என்று ஒரு நாளும் குறித்துக்கொடுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தைதான், அதனால் பள்ளி மாணவர் அனுப்பினால் பெற்றோரிடம் பேசாமல் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலரும் கவனிப்பதில்லை. கதையில் வரும் மற்றவர்கள் அனுமதி கொடுக்கவில்லை. குடிகார மாமா, சம்பளம் தராத முதலாளி என்று யாராவது வந்தால் பெயரையும் அடையாளத்தையும் வெட்டிவிடுங்கள். கதைக்கு ஒன்றும் குறையாது.

படி 6: ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்

வந்த பதிவை அன்றைக்கே கேட்டு, குரலிலேயே பதில் போடுங்கள். "அந்தச் சேலை என்ன நிறம்?" "அதை அம்மா கட்டினாங்களா, பெட்டியிலேயே வெச்சுட்டாங்களா?" இதற்கு வரும் பதிலில் வணக்கமும் முன்னுரையும் இருக்காது. என் எபிசோடில் நன்றாக இருந்த இடங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது பதிவிலிருந்துதான் வந்தன. மேலே சொன்ன 'பணிவான வணக்கங்கள்' நேயரும் இதில்தான் பிழைத்தார்.

படி 7: சேமிப்பும் எடிட்டிங்கும்

வாட்ஸ்அப் தரும் கோப்புப் பெயரை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. தேதி, ஊர், பொருள் என்று வந்தவுடனே பெயர் மாற்றுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். யார் எதற்கு அனுமதித்தார் என்பதை ஒரு எக்செல் தாளில் குறித்துவைத்தால் போதும்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். வாய்ஸ் நோட் கோப்பு அதில் திறக்கவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இணைப்பையும் நிறுவ வேண்டும். அந்த ஐந்து வினாடி அமைதியைத் தேர்ந்தெடுத்து 'நாய்ஸ் ரிடக்ஷன்' கருவிக்குக் காட்டுங்கள், பிறகு முழுப் பதிவுக்கும் போடுங்கள். 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும், அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியில் 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' வழியாக எல்லாக் குரல்களையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்: ஸ்டீரியோ என்றால் −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோ என்றால் −19. இல்லாவிட்டால் ஒருவர் கத்துவார், அடுத்தவர் முணுமுணுப்பார்.

இருமல், நீண்ட இடைவெளி, முன்னுரை இவற்றை வெட்டுங்கள். சிரிப்பையும், சொல்லவந்து தயங்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

வெட்டி முடித்த துண்டை வெளியிடும் முன் அவருக்கு அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். எபிசோட் வந்ததும் இணைப்பையும் அவருக்குத் தனியாகவே அனுப்புங்கள். குழுவில் போட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும்.