ஸ்ட்ரோக் வந்தவரின் கண் ஒரு பக்கமே நின்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் யாருக்காவது கை கால் விழுந்தால் வாய் கோணியிருக்கிறதா என்று பார்ப்போம், கையைத் தூக்கச் சொல்வோம், கண்ணை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுவோம். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்பி நின்றால் "காத்து கருப்பு அடிச்சிருச்சு" என்று சாமியாடியைத் தேடி ஓடுகிற வீடு இன்னும் இருக்கிறது.

விஷயம் இதுதான். மூளையின் வலப்பாதி கண்களை இடப்பக்கம் தள்ளும், இடப்பாதி வலப்பக்கம் தள்ளும், இரண்டும் சமமாகத் தள்ளுவதால் பார்வை நேராக நிற்கிறது. வலப்பாதிக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் எதிர்த்துத் தள்ள ஆளில்லாமல் கண்கள் வலப்பக்கம் போய்விடும், விழுவதோ இடது கையும் காலும். மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில் அடைப்பென்றால் இது தலைகீழாகலாம், வலிப்பிலும் கண் இழுக்கும், அதனால் வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம். உடனே 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

டாக்டரிடம் மூன்றைச் சொல்லுங்கள்: கண் எந்தப் பக்கம் திரும்பியது, கூப்பிட்டால் மறுபக்கம் வந்ததா, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார். மூன்றாவதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம், அந்தக் கணக்கு நீங்கள் பார்த்த நிமிடத்திலிருந்து ஓடுவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போக எழுப்பும்போதுதான் தெரிந்தது என்றால், இரவு படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். கண் திரும்பி நிற்பது பெரிய ரத்தக்குழாய் அடைப்பாகவும் இருக்கலாம், அந்தக் கட்டியைக் குழாய் விட்டு எடுப்பதைச் சிலருக்கு 24 மணி நேரம் வரை கூடச் செய்கிறார்கள், ஆகவே "நேரம் தாண்டிப்போச்சு" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

காத்திருக்கும்போது மைலோ கலக்கிக் கொடுக்காதீர்கள், விழுங்கும் சக்தி போயிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கும். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருமே, அது சுத்தப் பொய்.

ரத்தக் கொதிப்போ இனிப்பு நீரோ உள்ளவருக்குத் திடீரென்று தலை சுற்றி, கண்மணி ஆடி, எல்லாம் இரண்டாகத் தெரிந்தால் பித்தம் என்று எலுமிச்சை பிழியாதீர்கள். பின்மூளை ஸ்ட்ரோக்கில் கை கால் நன்றாகவே இருக்கலாம்.

அடுத்து, எல்லாரும் கேட்பது: தேறுவாரா? கண் முழுதாகத் திரும்பி நின்றால் பாதிப்பு பெரிது என்று கொள்ளலாம், சராசரியாகப் பார்த்தால் அப்படிப்பட்டவர்கள் தேறுவது கடினம்தான். அதற்காக முதல் நாளே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு அழ வேண்டியதில்லை, அடைப்பு சீக்கிரம் திறந்தால் கதையே மாறும். பலருக்குச் சில நாளில் கண் நேராகிவிடும், நாள் போகப் போக அசையாமலே நின்றால்தான் கவலை அதிகம். எதிர்த் தவறும் உண்டு: கண் நேரானதும் எல்லாம் சரி என்று பயிற்சியை விட்டுவிடுவது. கை கால் தேறுவது வேறு கணக்கு, முதல் மூன்று மாதத்தில்தான் வேகம் அதிகம்.

வலமூளை அடிபட்ட ஒரு பாட்டியின் தட்டைப் பார்த்தேன். வலப்பக்கச் சோறு வழித்துக் காலி, இடப்பக்கம் கத்தரிக்காய் தொடாமல் அப்படியே. "கிழவிக்கு வீம்பு" என்றாள் மருமகள். வீம்பில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மூளைக்கு எட்டவில்லை. தட்டைத் திருப்பி வைத்ததும் மிச்சத்தையும் சாப்பிட்டார். திட்டுவதை விட்டு, அந்தப் பக்கம் பார்க்க நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, அரிதுதான். மூளைத்தண்டு அடிபட்ட சிலருக்குப் பேச்சு, கை, கால் எல்லாம் நின்றுபோய் கண்ணை மேலும் கீழும் அசைக்க மட்டும் முடியும், ஆனால் நினைவு முழுதாக இருக்கும். அவர் கட்டில் பக்கத்தில் நின்று காரியச் செலவு பேசாதீர்கள். "ஆமென்றால் மேலே பாருங்க" என்று கேட்டுப் பாருங்கள்.