முதல் கூட்டத்துக்குப் புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு

குடிப்பழக்கத்திலிருந்து மீள ஆதரவுக் குழுக் கூட்டத்தைத் தேடுபவர்கள், பட்டியலில் கண்ட முகவரிக்கு நேரே புறப்பட்டுவிடாமல், அந்தக் குழுவின் உதவி எண்ணை அழைத்து, இந்த வாரம் கூட்டம் அதே இடத்தில் நடக்கிறதா, அது திறந்த கூட்டமா மூடிய கூட்டமா என்ற இரண்டையும் கேட்டுக்கொள்வது நல்லது. குடியிலிருந்து மீள்வோருக்காக 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் குழுக்களை உறுப்பினர்களே நடத்துவதால், இடமோ நேரமோ மாறினாலும் பழைய விவரமே பட்டியலில் சில காலம் நீடிக்கக்கூடும்; துணிவை வரவழைத்துக்கொண்டு முதன்முறை போகிறவர் பூட்டிய கதவைக் கண்டு திரும்பினால், மறுமுறை கிளம்புவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம் என்பதால், தனியே போகத் தயங்குபவர் குடும்பத்தினர் ஒருவரையோ நண்பரையோ உடன் அழைத்துச் செல்லலாம்; மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமே உரியது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, பேசியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இணையவழிக் கூட்டங்களுக்கு இடம் பற்றிய கேள்வி எழாது. குடிப்பவரின் குடும்பத்தினர் தமக்கென ஆதரவு தேடினால், அவர்களுக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவருக்கோ இந்தக் குறிப்பு மட்டும் போதாது: திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அவர் முதலில் பார்க்கவேண்டியது மருத்துவரை, கூட்டம் அதனோடு சேர்ந்து நடக்கட்டும்.