மியூசிக் ஹால் கலைஞர்களின் பிரிட்டிஷ் படங்கள்: பார்ப்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூசிக் ஹால் எனப்படும், பாட்டும் சிரிப்பும் கலந்த பிரிட்டிஷ் மேடை நிகழ்ச்சிகளிலிருந்து திரைக்கு வந்த கிரேசி ஃபீல்ட்ஸ், ஜார்ஜ் ஃபார்ம்பி ஆகியோர் 1930களில் நடித்த பாட்டுச் சிரிப்புப் படங்களை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, அவற்றை அதே காலத்து ஹாலிவுட் இசைப் படங்களின் தராசில் வைத்து எடை போடுவதுதான். பிரம்மாண்ட நடனம் இல்லை என்றும், பாட்டு வந்ததும் கதை அப்படியே நின்றுவிடுகிறது என்றும் குறை கூறுகிறார்கள். என் பார்வையில், கதை நிற்கும் அந்த இடத்தில்தான் இப்படங்களின் உயிர் இருக்கிறது. மியூசிக் ஹால் மேடையில் பாடுபவர் எதிரே இருப்பவர்களை நேராகப் பார்த்துப் பாடுவார். பல்லவி வந்ததும் அரங்கம் முழுவதும் கூடச் சேர்ந்துகொள்ளும். வடக்கு இங்கிலாந்தில், லங்காஷயரின் நூற்பாலை நகரமான ராச்டேலில் 1898இல் பிறந்த கிரேசி ஃபீல்ட்ஸ், அந்த உறவைத்தான் கேமராவுக்கு முன்னும் கொண்டுவந்தார். 1934இல் வெளிவந்த 'சிங் ஆஸ் வி கோ' படத்தில், ஆலை மூடப்பட்டதால் வேலை தேடிச் சைக்கிளில் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும் தொழிலாளிப் பெண்ணாக அவர் வருகிறார். இறுதியில் ஆலை மீண்டும் திறக்க, அவர் பாடியபடி முன்னே நடக்கத் தொழிலாளர்கள் பின்தொடர்கிறார்கள். வேலையின்மை வடக்கு இங்கிலாந்தை வாட்டிய ஆண்டுகளில், அதே வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருந்தவர்களுக்காக எடுக்கப்பட்ட காட்சி அது என்பதை மறந்தால், அதில் வெறும் உற்சாகப் பாட்டு மட்டுமே தெரியும்.

அடுத்த தவறு, இவை அனைத்தையும் 'கோட்டா' படங்கள் என்று ஒதுக்குவது. திரையரங்குகள் குறிப்பிட்ட விழுக்காடு பிரிட்டிஷ் படங்களைக் காட்டியாக வேண்டும் என்ற 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால், மலிவான படங்கள் அவசர அவசரமாக எடுக்கப்பட்டது உண்மையே. ஃபார்ம்பியின் 'பூட்ஸ்! பூட்ஸ்!' (1934) மிகச் சிறிய செலவில் எடுக்கப்பட்ட படந்தான். ஆனால் மறு ஆண்டே, பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் (Isle of Man) தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயத்தைக் களமாகக் கொண்ட 'நோ லிமிட்' படத்தில் நடித்த அவர், சில ஆண்டுகளுக்குள் நாட்டின் முன்னணி வசூல் நட்சத்திரங்களில் ஒருவரானார். பாடும்போது அவர் வாசித்த சிறு தந்திக் கருவியை யுகுலேலே என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தோல் போர்த்திய பாஞ்சோவின் உடலும் யுகுலேலேயின் கழுத்தும் கொண்ட பாஞ்சோலேலேதான் பெரும்பாலும் அவர் கையில் இருந்தது.

இவ்விருவரும் தயாரிப்பாளர் பேசில் டீனின் நிறுவனத்துக்காக லண்டனின் ஈலிங் படப்பிடிப்புத் தளத்தில் நடித்ததால், போருக்குப் பின் மைக்கேல் பால்கன் தயாரித்த 'ஈலிங் நகைச்சுவை'ப் படங்களோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவதும் பிழை. தளம் ஒன்றுதான், மரபு வேறு.

கிடைக்காத படத்தை அழிந்துவிட்டதாகவே முடிவு கட்டவும் கூடாது. கிரேசி ஃபீல்ட்ஸின் 'லவ், லைஃப் அண்ட் லாஃப்டர்' நெடுங்காலம் தொலைந்த படமாகவே கருதப்பட்டது. 2014இல் அதன் பிரதி நெதர்லாந்தில் கிடைத்தது.