ஓட்டுநர் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுமுன், அங்கே அருகில் அமர்ந்து கற்றுத்தரப்போகிறவர் யார் என்று கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பயிற்சியாளர் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்து ஆண்டு ஓட்டுநர் அனுபவம், மோட்டார் மெக்கானிக் சான்றிதழ் அல்லது அதற்கு மேலான இயந்திரவியல் தகுதி ஆகியவற்றைப் பெற்றிருக்க வேண்டும் என்கின்றன. பள்ளியின் உரிமம் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறதா, அது காலாவதியாகவில்லையா என்றும் பாருங்கள்.

காகிதத் தகுதி மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். வாகனத்தின் பாகங்களை விளக்கிக் காட்டும் திறனையும் அதே விதிகள் கேட்கின்றன. முதல் நாளிலேயே பயிற்சியாளர் பக்கம் தனி பிரேக் இருக்கிறதா என்று சோதியுங்கள். கார் பயிற்சி 21 நாளுக்கும், உண்மையாக ஓட்டும் நேரம் 10 மணி நேரத்துக்கும் குறையக்கூடாது. ஆகவே, ஒரே வண்டியில் நால்வரை ஏற்றி ஆளுக்குச் சில நிமிடம் தருபவரையும், கற்பவர் தடுமாறும்போது பொறுமையின்றிக் கத்தி அவரை மேலும் பதறச் செய்பவரையும், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.